முன்பல்லில் ஓர் ஊசிக்கண்

— ஒண்ணு பேசுங்க, இல்ல வாயைத் திறங்க. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா நான் எப்படிம்மா பல்லைப் பாக்கறது?

— திறந்தாத்தான் டாக்டரம்மா பேச்சு வரும். வாயைத் திறக்காமலே பேசற வித்தை மாடியில ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத்தான் கைவரும். நாங்க வெறும் தையல்காரிங்க.

— சரி, தலையைச் சாய்ங்க. இன்னும் கொஞ்சம். லைட்டு கண்ணுல படுதா?

— படட்டும். பத்தொன்பது வருஷமா ட்யூப்லைட்டுக்குக் கீழதான் குடித்தனம்.

— ம்... அதாவது, மேல இந்த முன்பல்லு. நாக்கால தொட்டுப் பாருங்க. அடியில ஒரு பள்ளம் தெரியுதா?

— அது பள்ளம் இல்ல. ஊசிக்கண்ணு.

— என்னது?

— நாங்க அப்படித்தான் சொல்லுவோம். நூலு அதுக்குள்ள கச்சிதமாப் போய் உட்காரும். ஒரு கடி, அவ்வளவுதான்.

— நூலைக் கடிச்சுக் கடிச்சு எனாமல் போயி உள்ள மஞ்சள் தெரியுது. அதுக்குப் பேரு வேற வச்சிருக்கீங்க!

— ஆமா பின்ன, கூடவே இருக்கறதுக்கு ஒரு பேரு வேணாமா? புதுசா ஒருத்தி லைனுக்கு வந்தா, ஊசிக்கண்ணு விழற வரைக்கும் அவ விருந்தாளி. விழுந்த அப்புறம்தான் எங்க ஆளு. அன்னிக்கு எல்லாருமா சுத்தி நின்னு அவளைச் சிரிக்கச் சொல்லிப் பாப்போம்.

— அதாவது, பல்லு தேஞ்சதைக் கொண்டாடுவீங்க.

— எங்களுக்கு வேற யாரு மெடல் குத்தப் போறாங்க?

— காலையில இருந்து இந்த முதலுதவி ரூம்ல உட்கார்ந்து உங்க லைன்ல முப்பத்தாறு பேரைப் பாத்துட்டேன். அத்தனை பேருக்கும் இதே பல்லு, இதே இடம், இதே பள்ளம். மொத்தமும் ஒரே குடும்பமோன்னு கூட நினைச்சேன்.

— நல்லாத்தான் நினைச்சிருக்கீங்க.

— அதோட பின்பல்லு எல்லாத்துலயும் சொத்தை. உங்களுக்கே கீழ ரெண்டு இருக்கு. இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களா?

— நான் எங்க சாப்பிடறேன்? லைன்தான் சாப்பிடுது. மூணு மணி மிட்டாய்.

— அது என்ன கணக்கு?

— சாப்பிட்ட மயக்கம் மூணு மணிக்குத்தான் ஆளை அமுக்கும். கண்ணு சொருகினா ஊசி விரல்ல ஏறிடும். அதனால தினம் ஒருத்தி மிட்டாய் வாங்கிட்டு வரணும். முப்பத்தொன்பது மிட்டாய். ரெண்டாம் சீட்டுல ஆரம்பிச்சு கை மாறி மாறி என் சீட்டு வரைக்கும் வந்து சேரும். தலையைத் தூக்காம, மெஷினை நிறுத்தாம. சூப்பர்வைசர் இன்னிவரைக்கும் கண்டுபிடிச்சதில்ல.

— உங்க லைன்ல முப்பத்தெட்டு பேருதானே? எதுக்கு முப்பத்தொன்பது?

— ஒண்ணு கூடுதலா இருக்கட்டுமே. இப்ப என்ன கெட்டுப்போச்சு?

— உங்க பல்லுதான் கெட்டுப்போச்சு. வேணாம்னு ஒருத்தி சொல்லக் கூடாதா?

— கைக்கு வந்ததை வேணாம்னு எப்படி டாக்டரம்மா சொல்றது? வாங்கிட்டு வந்தவ மனசு என்ன பாடுபடும்?

— வேர்க்கடலை வாங்கிட்டு வந்தாலும் மனசு சந்தோஷப்படும்மா. மயக்கமும் போகும். சரி, ஃபாரத்துக்கு வருவோம். முப்பத்தொன்பதாம் சீட்டு, நீங்கதான் கடைசி. இங்க ஒண்ணாம் நம்பர் ஃபாரம் மட்டும் காலியா இருக்கு. அவங்க வரலையா?

— ஒண்ணாம் சீட்டுல இப்ப ஆளும் இல்ல, மெஷினும் இல்ல. தச்சு முடிச்ச துணிப்பெட்டியை அந்த இடத்துல வைக்கிறோம். மாடிக்குச் செக்கிங் போற பெட்டி. அதை விடுங்க, என் கேள்வியைக் கேளுங்க.

— இது அச்சடிச்ச கேள்வி இல்ல. ஆபீஸ்ல இருந்து கையால எழுதிச் சேர்த்திருக்காங்க. நான் கேட்டே ஆகணும். பல்லால நூல் கடிக்க உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

— ரெண்டாம் சீட்டுக்காரி.

— பேனாவைக் கீழே வச்சுட்டேன்மா.

— ஏன், மை தீந்துபோச்சா?

— ரெண்டாம் சீட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? மூணாம் சீட்டுக்காரி சொல்லிக் கொடுத்தான்னாங்க. மூணைக் கேட்டா நாலுன்னாங்க. நாலைக் கேட்டா அஞ்சு. அப்படியே போயி முப்பத்தெட்டு உங்களைக் கை காட்டினாங்க. நீங்க திரும்ப ரெண்டுக்கே கொண்டு வந்து விடறீங்க!

— எல்லாரும் ஒரே மாதிரி உண்மை பேசினா தப்பா?

— இதுக்கு ஆரம்பமே இல்லையேம்மா!

— சுத்தி வந்தா அப்படித்தான். நீங்க படிச்சவங்க, உங்களுக்கா நான் சொல்லணும்?

— ஒன்பதாம் சீட்டை நேத்து ஆஸ்பத்திரியிலயே போய்ப் பாத்தேன். தாடையில கட்டு. வாயைத் திறக்க முடியல. அந்த நிலைமையிலயும் ரெண்டு கையையும் விரிச்சுப் பத்து விரலைக் காட்டறாங்க!

— காட்டினாளா? அடி என் தங்கமே! சும்மா சொல்லக்கூடாது டாக்டரம்மா, அவளை நான்தான் லைனுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

— சிரிக்கிற விஷயம் இல்லம்மா இது.

— தெரியும். அவ எப்படி இருக்கா? மெய்யாச் சொல்லுங்க.

— பொழைச்சுட்டாங்க. ரெண்டு நாள் விட்டிருந்தா சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கும். மூச்சுவிட வழி இல்லாமப் போயிருக்கும். ஒரே ஒரு சொத்தைப் பல்லு. எத்தனை நாளா வலிச்சுது அவங்களுக்கு?

— மூணு வாரம்.

— மூணு வாரம் அந்த வலியோட எப்படித் தச்சாங்க?

— அவ எங்க தச்சா? நாங்கல்ல தச்சோம். காலையில அவ பண்டலைப் பிரிச்சு, இந்தப் பக்கம் மூணு பேரு, அந்தப் பக்கம் மூணு பேரு பங்கு போட்டுக்குவோம். மத்தியானம் அவளுக்குன்னு சாப்பாட்டை ஒருத்தி நல்லா மசிச்சுக் கொடுப்பா. சூப்பர்வைசர் வந்தா, வீங்கின கன்னம் தெரியாம இருக்க பக்கத்துல இருக்கறவ எந்திரிச்சு நூல்கண்டு மாத்தற மாதிரி நின்னுக்குவா. அவளுக்கு மட்டும் இல்ல, யாருக்குப் பல்வலின்னாலும் இதான் வழக்கம். பல்வலின்னு எங்க லைன்ல ஒருத்தியும் லீவு போட்டதில்ல.

— பெருமையாச் சொல்றீங்க.

— பெருமைதான்.

— அதாவது... கோவிச்சுக்காதீங்க. வலிச்ச அன்னிக்கே தனியா விட்டிருந்தா, தாங்க முடியாம ஒரு டாக்டர்கிட்ட ஓடியிருப்பாங்க. நீங்க ஆறு பேரு தாங்கிப் பிடிச்சீங்க. வலி வெளிய தெரியாம உள்ளயே வேலையைக் காட்டிடுச்சு. மிட்டாயும் அப்படித்தான், ஊசிக்கண்ணும் அப்படித்தான். உங்க பாசம்தாம்மா அந்தப் பொண்ணோட பல்லைக் கெடுத்தது.

— என்ன சொன்னீங்க?

— தப்பா எடுத்துக்காதீங்க...

— இல்ல, இன்னொரு தடவை சொல்லுங்க. அவளை வண்டியில ஏத்தின நாளா இதைத்தான் நானே எனக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். வேற ஒரு வாயால கேட்டா எப்படி இருக்கும்னு பாக்கணும்.

— நான் உங்களைக் குத்தம் சொல்லலம்மா.

— சொன்னீங்க. சொல்லுங்க, தப்பில்ல. ஆனா நானும் ஒண்ணு கேக்கறேன். ஓடியிருப்பான்னீங்களே, எங்க ஓடியிருப்பா? பல்வலிக்கு லீவு கேட்டா, பல்லாலயா தைக்கிறன்னு நக்கலாக் கேப்பாங்க. ஆமாய்யா, பல்லாலதான் தைக்கிறேன்னு சொல்ல அவளுக்கு வாய் வருமா? ரெண்டு தடவை லீவு கேட்டா மூணாவது தடவை சீட்டுல வேற ஆளு. போற வழி எல்லாத்தையும் அடைச்சு வச்சுட்டு, விழாம பிடிச்சவ கையைக் காட்டிப் பாசம் கெடுத்துச்சுன்னா எப்படி? பாதிக் குத்தம் எங்களோடது. நான் வாங்கிக்கறேன். மீதிப் பாதியை மாடிக்கு அனுப்புங்க.

— சரிம்மா. வாங்கிக்கிட்டேன். நான் சொன்னதுலயும் பாதி தப்பு.

— அது பேச்சு!

— ஆனா எனக்கு இன்னும் புரியல. ஒரு கத்திரி கொடுத்தா முடிஞ்சுது. தையல் ஃபேக்டரியில கத்திரிக்கா பஞ்சம்?

— முன்னாடி ஆளுக்கொண்ணு இருந்துச்சு. நாடாவுல கட்டிக் கழுத்துல தொங்கவிட்டிருப்போம். ஒன்பது வருஷம் முன்னால, குழந்தைங்க சட்டை தச்சு அனுப்பினோம். அது கப்பல் ஏறிப்போயி எங்கயோ ஒரு கடையில, சட்டை மடிப்புக்குள்ள கத்திரியோட உடைஞ்ச முனை இருந்துச்சாம். நல்லவேளை, ஒரு குழந்தைக்கும் ஒண்ணும் ஆகல. அடுத்த நாள் காலையில கேட்டுலயே நாடாவை அறுத்து வாங்கிட்டாங்க. லைனுக்கு ஒரே கத்திரி. அதையும் சூப்பர்வைசர் மேசைக்காலுல சங்கிலி போட்டுக் கட்டிட்டாங்க.

— சங்கிலியா?

— ஓடிப்போயிடும்ல! ஒரு பீஸுக்கு ரெண்டு இடத்துல நூல் வெட்டணும். ஒரு நாளைக்கு ஐநூறு பீஸ். ஆயிரம் தடவை எந்திரிச்சுப் போயி அந்த மேசை முன்னால வரிசையில நிக்கணும். டார்கெட் மட்டும் அதே ஐநூறு. அதுல ஒரு பீஸ் குறைக்கல.

— நீங்க யாரும் கேக்கலையா?

— எனக்கு அப்ப ஏழு மாசம். எந்திரிச்சா உட்கார முடியல, உட்கார்ந்தா எந்திரிக்க முடியல. பத்து மணிக்கெல்லாம் என் முன்னால துணி மலையாக் குவிஞ்சு போச்சு. சூப்பர்வைசர் வந்தான். சாயங்காலத்துக்குள்ள லைன் டார்கெட்டைத் தொடலைன்னா, மெதுவாத் தைக்கிறவ நாளையில இருந்து வரவேணாம்னான். பேசினது ஊருக்கு, பார்வை என் வயித்து மேல. அப்பத்தான் எனக்கு எதிர் சீட்டுல இருந்த ஒருத்தி குனிஞ்சா. நூலைப் பல்லுல வச்சா. டக். அவ பீஸை முடிச்சுட்டு, என் துணியை இழுத்து அதையும் கடிச்சா. டக். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். என்னைத் தை, தைன்னா. அவளோட பீஸ், என்னோட பீஸ், ரெண்டாயிரம் கடி. சாயங்காலம் அவ உதடெல்லாம் ரத்தம்.

— ஐயோ.

— அவளைப் பாத்து அடுத்தவ கடிச்சா. அவளைப் பாத்து அவளுக்கு அடுத்தவ. மத்தியானத்துக்குள்ள ஹால் பூரா டக் டக் டக். சாயங்காலம் டார்கெட்டுக்கு மேல பன்னெண்டு பீஸ்! ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினோம். அங்கதான் டாக்டரம்மா கோட்டை விட்டுட்டோம்.

— ஏன்? உங்க வேலை தப்பிச்சுதே.

— கத்திரி இல்லாமலே லைன் ஓடுதுன்னு மாடியில பாத்துட்டாங்கல்ல. அப்புறம் எதுக்குக் கத்திரி? அன்னிக்கு அத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா அடுத்த நாளே இறங்கி வந்திருக்கும். நாங்க என்னடான்னா ஒருத்தியைக் காப்பாத்தறோம்னு அத்தனை பேரும் பல்லைக் கொடுத்துட்டோம்.

— யாரும்மா அந்த ஒருத்தி? முதல்ல கடிச்சவங்க?

— இருந்தா ஒருத்தி.

— இப்ப ரெண்டாம் சீட்டுல இருக்காங்களே, அவங்களா?

— வாயைத் திறக்கச் சொன்னீங்க, திறந்தேன். அதுக்காகத் தொண்டைக்குள்ள கையை விடாதீங்க.

— டாக்டர், முடிஞ்சுதா? மணி ரெண்டரை ஆகுது. ஃபாரம் எல்லாம் என் கைக்கு வரணும்.

— வாங்க மேடம், ஆபீஸ்ல இருந்து நீங்களே இறங்கி வந்துட்டீங்களா? இவங்கதான் கடைசி. உள்ள வந்து உட்காருங்க.

— நிக்கறேன், பரவாயில்ல. ரிப்போர்ட்டைச் சுருக்கமா முடிச்சுக்கலாம். காரணம்னு ஒரு வரி இருக்கு. பழக்கம், வேலை, ரெண்டு கட்டம். பழக்கம்ங்கற கட்டத்துல டிக் போடுங்க. யார் பரப்பினதுன்னு கீழ ஒரு பேர். அவ்வளவுதான், புரியுதா?

— பேரு கிடைக்கல, மேடம். அதாவது, எல்லாரும் பக்கத்து சீட்டைச் சொல்றாங்க.

— பாத்தேன். விளையாடறாங்க. முப்பத்தொன்பதாம் சீட்டு, இது உங்க ஏற்பாடுதானே?

— வணக்கம் மேடம். ஒன்பது வருஷத்துல இப்பத்தான் எங்க தளத்துக்கு வழி தெரிஞ்சுதா? படியில இருட்டா இருக்கும், பாத்து இறங்கினீங்களா?

— கேட்டதுக்குப் பதில்.

— ஏற்பாடெல்லாம் இல்ல மேடம். நாங்க தைக்கிறவங்க. எங்க ஆரம்பிச்சோமோ அங்கயே கொண்டுவந்து முடிச்சுப் போட்டுத்தான் பழக்கம்.

— இதோ பாருங்க. ஒரு பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா. வெளியில இருந்து விசாரணைக்கு வர்றாங்க. கடிக்கச் சொல்லி கம்பெனி எந்த போர்டுலயும் எழுதி மாட்டல. இது தொழிலாளிங்க தங்களுக்குள்ள பரப்பிக்கிட்ட கெட்ட பழக்கம். யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சிருக்கணும். அந்த ஒருத்தர் போதும் எங்களுக்கு.

— கடின்னு எழுதி மாட்டலதான். கத்திரியைச் சங்கிலியில கட்டிட்டு டார்கெட்டை மட்டும் பெரிய எழுத்துல மாட்டினீங்களே. எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டோம்.

— பேர் இன்னிக்கு வரலைன்னா லைனைக் கலைக்க ஆர்டர் தயாரா இருக்கு. முப்பத்தெட்டு பேரையும் ஆறு தளத்துக்கும் பிரிச்சுப் போடுவாங்க. ஷிஃப்ட் கூட வேற வேற. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க முடியாது. புரியுதா?

— மேடம், நடுவுல பேசறேன், மன்னிக்கணும். உங்களுக்கு வாயில ஏதாவது தொந்தரவா? வந்ததுல இருந்து கையை எடுக்கவே இல்லையே.

— ஜலதோஷம்.

— அது அவங்க வழக்கம் டாக்டரம்மா. நீங்க அங்க பாக்காதீங்க. நம்ம விஷயத்துக்கு வாங்க. மேடம், லைனைக் கலைப்பீங்களா? கலைங்க.

— என்ன?

— கலைங்கன்னு சொன்னேன். ஆறு தளத்துக்கும் அனுப்புங்க. அங்கயும் பக்கத்து சீட்டுன்னு ஒண்ணு இருக்கும்ல? அதுல ஒருத்தி இருப்பா, அவளுக்கும் பல்லு வலிக்கும். ஆனா இந்தத் தடவை கன்னத்தை மறைச்சுக்கிட்டு நிக்க மாட்டோம். இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, நடுவுல அவ. ஏழு பேரும் மெஷினை நிறுத்திட்டு உங்க ரூம் வாசல்ல வந்து நிப்போம். டாக்டர்கிட்ட அனுப்பற வரைக்கும் நகர மாட்டோம். அதே பாசம்தான், இனிமே மாடிப்படி ஏறும். டாக்டரம்மா, சரியாச் சொல்றேனா?

— சரியாத்தான் சொல்றீங்க.

— டாக்டர், நீங்க யார் கூப்பிட்டு வந்திருக்கீங்க?

— கம்பெனி கூப்பிட்டு வந்தேன், மேடம். ஆனா பல்லைப் படிச்சது நான். முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே பல்லுல ஒரே அளவுல பள்ளம்னா அதுக்குப் பேரு வேலை. பழக்கம்ங்கற கட்டத்துல என் பேனா போகாது.

— இன்னும் நாலு லைன் பாக்கி இருக்கு. அடுத்த வாரம் வேற டாக்டர் வரலாம்.

— வரட்டும். அவருக்கும் கண்ணு இருக்குமே.

— சும்மா சொல்லக்கூடாது டாக்டரம்மா, உங்களுக்கும் சீக்கிரம் ஊசிக்கண்ணு விழுந்துடும்!

— நிறுத்துங்க ரெண்டு பேரும். உங்களுக்கு நிலைமை தெரியல. பேர் இல்லாம இந்த ரிப்போர்ட் மேல போகாது. வேலைன்னு டிக் போட்டாக்கூட, ஆரம்பிச்சது யாருன்னு கேட்டுத்தான் வாங்குவாங்க. அதுக்கு என்னதான் பதில் சொல்றது?

— அப்படியா? வேலைன்னே எழுதினாலும் ஒரு பேரு இருந்தா வாங்கிப்பாங்களா?

— வாங்கிக்கணும். டாக்டர் கையெழுத்தும் ஒருத்தர் வாக்குமூலமும் இருந்தா மறுக்க முடியாது. கத்திரியும் திருப்பிக் கொடுத்தாகணும், வைத்தியமும் பாத்தாகணும். ஆனா பேர் கொடுத்தவங்க நாளையில இருந்து கேட்டுக்குள்ள வர முடியாது.

— அவ்வளவுதானே? டாக்டரம்மா, பேனாவை எடுங்க. என் பேரை எழுதிக்குங்க.

— அம்மா, நீங்க இல்லையே! நீங்கதானே இப்ப சொன்னீங்க, வேற ஒருத்தங்க...

— எனக்கு மறதி அதிகம். நான்தான் ஆரம்பிச்சேன். எழுதுங்க. வேலைங்கற கட்டத்துல நல்லா அழுத்தி டிக் போடுங்க, அடுத்த தாள்ல தடம் விழணும்.

— நீங்க ஆரம்பிக்கல.

— மேடம், உங்களுக்கென்ன தெரியும்? நீங்க மாடியில இருக்கறவங்க. பேரு கேட்டீங்க, கொடுக்கறேன். வாங்கிக்கிட்டுப் போங்க.

— உங்களுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. வீட்டுல பிள்ளை படிக்குது.

— படிக்குது. நாலாவது.

— நாலாவது வந்துட்டானா?

— வந்துட்டான். பால்பல்லு விழுந்து முன்னாடி ரெண்டும் முளைச்சாச்சு. முழுப் பல்லு மேடம். அடி நேரா, ஒரு பள்ளம் இல்லாம. அவன் சிரிக்கிறப்ப எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல படும். பென்சிலைக் கூடக் கடிக்க விடமாட்டேன். அந்தச் சிரிப்புக்கு நான் ஒருத்திக்குக் கடன்பட்டிருக்கேன். இன்னிக்குத் தீத்துக்கறேனே, விடுங்க.

— அவன் வயித்துல இருக்கும்போது நீ ரொம்ப உதைக்கிறான், உதைக்கிறான்னு சொல்லிக்கிட்டே இருப்ப.

— மேடம்.

— தினம் மூணு மணிக்குச் செக்கிங் பெட்டி மேல வரும். மேல துணிக்கு நடுவுல ஒரு மிட்டாய் இருக்கும். ஒன்பது வருஷமா. யார் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?

— மேடம், டாக்டரம்மா இருக்காங்க. மாடிக்குப் போங்க.

— ஒரு தடவையாவது திட்டி ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைப்பீங்கன்னு பாத்தேன். டார்கெட்டை முடிச்சுக் காட்டினதுக்குத்தானே எனக்கு நாற்காலி கொடுத்தாங்க. உங்களுக்குக் கத்திரி கேக்கற இடத்துல உட்கார்ந்துக்கிட்டு ஒரு தடவை கேக்கல. பயம். கேட்டா கீழ அனுப்பிடுவாங்கன்னு. நீங்க மிட்டாய் அனுப்பிக்கிட்டே இருந்தீங்க.

— யாராவது ஒருத்தியாவது அந்த ஹாலை விட்டு வெளிய போனாளேன்னு எங்களுக்கு அது ஒரு திருப்தி. முப்பத்தெட்டு பேரும் சேர்ந்து இத்தனை பாடுபட்டு மறைச்சது எதுக்கு? ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. கெடுத்துக்காதீங்க.

— நீ எந்திரி.

— எதுக்கு?

— எந்திரிடி. அந்த நாற்காலியில நான் உட்காரணும். டாக்டர், கையை எடுத்துட்டேன். லைட்டைத் திருப்புங்க.

— அக்கா, வேணாம். எந்திரிக்கா.

— மேடம்... இந்த முன்பல்லு மேல உறை, கேப் போட்டிருக்கீங்க. எப்பப் போட்டது?

— நான் மாடிக்கு மாறின அதே வாரம்.

— கேப்போட விளிம்பு கழண்டு போச்சு. அடியில பல்லு பாதிதான் இருக்கு. தேஞ்சிருக்கு. கேப் போடறதுக்கு முன்னாடியே, மத்தவங்களுக்கு இப்ப இருக்கற அளவுக்கு.

— ரெண்டு பேருக்குச் சேர்த்துத் தேஞ்சது. அந்தக் கேள்வியைக் கேளுங்க, டாக்டர். நான் கைப்பட எழுதின கேள்விதான். எல்லாரையும் கேட்ட மாதிரியே கேளுங்க.

— பல்லால நூல் கடிக்க... உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

— யாரும் சொல்லிக் கொடுக்கல. அந்தக் காலி ஃபாரத்தை எடுத்து எழுதுங்க. ஒண்ணாம் சீட்டு என்னோடது.